எம்4ஏ ஃபைலை எம்பி3 என்று பெயர் மாற்றியும் ஓடவில்லை: சான்சா கிளிப் பிளஸ்

2 மார்ச் 2024, இரவு 9.40 (கேள்வி)

பழைய சான்சா கிளிப் பிளஸ் எம்பி3 பிளேயர், 8 ஜிபி. கூடவே 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு. கார்டில் ஏற்றியது எதுவும் பிளேயரில் தெரியவே இல்லை. உள் நினைவகத்தில் போட்டதில் பாதி ஓடுகிறது, பாதி ஓடவில்லை. எம்4ஏ ஃபைல்கள் பட்டியலுக்கே வரவில்லை. பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன். பட்டியலில் வந்துவிட்டது, ஆனால் பிளே அமுக்கியதும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது. இன்னும் சில நிஜமான எம்பி3 பாட்டுகள் ஓடுகின்றன, ஆனால் 4 நிமிடப் பாட்டுக்கு 12 நிமிடம் என்று காட்டுகிறது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி. மொத்தத்தையும் ஒரே மூச்சில் எம்பி3 ஆக கன்வெர்ட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்கள்.

2 மார்ச் 2024, இரவு 10.25

தம்பி, கன்வெர்ட்டரை இப்போதைக்குத் தொடாதே. நீ சொன்னதில் நான்கு தனித்தனிக் கோளாறு இருக்கிறது. கன்வெர்ட் செய்தால் அதில் ஒன்றுதான் தீரும், அதுவும் ஒலித்தரத்தைக் காவு கொடுத்துவிட்டு. கார்டு தெரியாதது, நேரம் தப்பாகக் காட்டுவது, பெயர் கேள்விக்குறியாவது மூன்றும் அப்படியே நிற்கும்.

அசல் ஃபைல்களை கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் பத்திரமாக வைத்துக்கொள். இனிச் செய்வதெல்லாம் பிரதியில்தான்.

3 மார்ச் 2024, காலை 6.50

முதலில் கார்டு, ஏனென்றால் அது ஐந்து நிமிட வேலை.

64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். கிளிப் பிளஸுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, ஃபேட்32 மட்டும்தான். விண்டோஸில் கார்டின் மேல் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மேட் பெட்டியில் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு ஃபேட்32 என்ற தேர்வே பெரும்பாலும் வராது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் கார்டே இதற்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒத்துவரும். ஜியுஐ-ஃபார்மேட் என்ற சின்ன மென்பொருளோ ரூஃபஸோ போதும். ரூஃபஸில் பூட் தேர்வை 'நான் பூட்டபிள்' என்று வைத்து, ஃபைல் சிஸ்டமில் லார்ஜ் ஃபேட்32 எடு. கிளஸ்டர் அளவு 32 கேபி. மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட், பகிர்வுத் திட்டம் மாஸ்டர் பூட் ரெக்கார்ட்.

எஸ்டி சங்கத்தின் அதிகாரப்பூர்வ ஃபார்மேட்டரை இந்த வேலைக்கு எடுக்காதே. நல்ல கருவிதான், ஆனால் 32 ஜிபிக்கு மேல் என்றால் அது மறுபடியும் எக்ஸ்ஃபேட்டையே போடும்.

இன்னொன்று. செட்டிங்ஸில் யுஎஸ்பி மோட் என்று ஒன்று இருக்கும்: எம்டிபி, எம்எஸ்சி, ஆட்டோ. எம்எஸ்சி என்றால் பிளேயர் சாதாரண பென் டிரைவ் மாதிரி தெரியும், எம்டிபி என்றால் மீடியா சாதனமாகத் தெரியும். எம்எஸ்சியில் நிறுத்திவிடு. எம்டிபியில் ஏற்றிய பாட்டு எம்எஸ்சியில் இணைக்கும்போது கம்ப்யூட்டரில் தெரியாது, எம்எஸ்சியில் ஏற்றியது எம்டிபியில் தெரியாது. ஆட்டோவில் விட்டால் ஒரு கம்ப்யூட்டரில் ஒரு முறை, வேறொன்றில் வேறு முறை. இடம் நிறைந்துவிட்டது, ஆனால் பாட்டைக் காணோம் என்ற புகார் முக்கால்வாசி இதனால் வருவது.

3 மார்ச் 2024, இரவு 8.15

இப்போது முக்கியமான விஷயம்.

ஃபைல் பெயரின் கடைசியில் உள்ள மூன்று நான்கு எழுத்து, டப்பா மேல் ஒட்டிய சீட்டு. சீட்டில் ரவை என்று மாற்றி எழுதினால் உள்ளே இருக்கும் மாவு ரவையாகாது. நீ எம்பி3 என்று மாற்றியதும் பிளேயர் அதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, ஏனென்றால் பட்டியல் போடும்போது அது பெயரை மட்டும்தான் பார்க்கிறது. ஓட்டும் நேரத்தில் உள்ளே எம்பி3 சட்டகத்தின் (ஒலியைப் பிரித்து அடுக்கிய சின்னத் துண்டு) தொடக்கக் குறியைத் தேடியது, கிடைக்கவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டது.

கிளிப் பிளஸின் சொந்த ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) ஓட்டுவது: எம்பி3, டபிள்யூஎம்ஏ, ஓக் வோர்பிஸ், ஃபிளாக், வேவ், ஆடிபிள். எம்4ஏ-வுக்குள் வழக்கமாக இருக்கும் ஏஏசி என்ற ஒலிவடிவம் கிடையாது. அதற்குப் பின் வந்த கிளிப் ஜிப்பில்தான் ஏஏசி சேர்ந்தது. ஆக, உன் எம்4ஏ ஓடாததற்குப் பிளேயர் பழுது காரணம் இல்லை.

எம்4ஏ என்பதே ஒரு பொதி (கன்டெய்னர்), ஒலிவடிவத்தின் பெயர் இல்லை. அதற்குள் சாதாரண ஏஏசி இருக்கலாம், இன்னும் அதிகம் சுருக்கும் எச்இ-ஏஏசி இருக்கலாம், ஆப்பிளின் இழப்பில்லாத வடிவமான ஏலாக்கும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு கன்வெர்ட் செய்யாதே என்கிறேன்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவு. பாட்டுகளை அதற்குள் இழுத்துப் போட்டு, ஆடியோ என்ற பகுதியில் ஃபார்மேட், பிட்ரேட், சாம்பிளிங் ரேட், பிட் டெப்த் நான்கையும் குறித்துக்கொண்டு வா. மேலே ஜெனரல் பகுதியில் உள்ள ஃபார்மேட் பொதியின் பெயர், அது இங்கே உதவாது.

4 மார்ச் 2024, மாலை 7.05 (கேட்டவர்)

பார்த்தேன் அண்ணா. பெரும்பாலானவை ஏஏசி எல்சி (சாதாரண ஏஏசி), 128 அல்லது 256 கேபிபிஎஸ். கொஞ்சம் எச்இ-ஏஏசி 64. ஒரு கர்நாடகக் கச்சேரி மட்டும் ஏலாக், 16 பிட். வாட்ஸ்அப்பில் வந்த பேச்சுப் பதிவுகளை ஓக் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன், அது ஓபஸ் என்று காட்டுகிறது. கார்டு இப்போது தெரிகிறது!

4 மார்ச் 2024, இரவு 9.30

நல்ல பட்டியல். ஒவ்வொன்றாக.

ஏலாக்: இதை ஃபிளாக்காக மாற்று. இரண்டுமே இழப்பில்லாதவை, ஒரு பிட்டும் போகாது. பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஏலாக் ஆக்கிக்கொள்ளலாம். அந்தக் கச்சேரியைத் தப்பித்தவறியும் எம்பி3 வழியாக ஃபிளாக்குக்குக் கொண்டுபோகாதே. பெயர் ஃபிளாக் என்று இருக்கும், ஒலி எம்பி3-யின் ஒலியாகவே இருக்கும்.

ஏஏசி எல்சி: இரண்டு வழி. ஒன்று, பாட்டைத் தொடாமல் பிளேயரை மாற்றுவது, அதாவது ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று ஃபர்ம்வேர் போடுவது. எனக்குப் பிடித்த வழி இதுதான், தனியாக எழுதுகிறேன். மற்றது எம்பி3 ஆக்குவது. ஏஏசியும் எம்பி3-யும் காது கவனிக்காததை வெட்டி எறிந்து சுருக்குபவை. ஒன்று வெட்டியதை இன்னொன்று மறுபடி வெட்டும். 256-லிருந்து மாற்றினால் பெரும்பாலோருக்குத் தெரியாது. 128-லிருந்து மாற்றினால் சிம்பல், தம்புரா, கைத்தட்டல் போன்ற இடங்களில் ஒரு கரகரப்பு எட்டிப்பார்க்கும். சிடி கையில் இருந்தால் மறுபடி சிடியிலிருந்தே எடுத்துவிடு, அதுதான் சுத்தம்.

எச்இ-ஏஏசி 64: ஏற்கெனவே கசக்கிப் பிழிந்தது. இதை 320 எம்பி3 ஆக்குவதால் தரம் ஏறாது. 5 நிமிடப் பாட்டு 2.4 எம்பியிலிருந்து 12 எம்பி ஆகும், அவ்வளவுதான்.

ஓபஸ்: ஓக் என்பதும் ஒரு பொதிதான். கிளிப் பிளஸ் அதற்குள் வோர்பிஸ் இருந்தால் ஓட்டும், ஓபஸ் இருந்தால் ஓட்டாது. வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டின் குரல்பதிவும் ஓக் பொதிக்குள் ஓபஸ். பேச்சு என்பதால் இதை மட்டும் தயங்காமல் எம்பி3 ஆக்கு: மோனோ, 64 கேபிபிஎஸ் போதும்.

5 மார்ச் 2024, காலை 7.20

மாற்றும் முறை, ஃபூபார்2000 என்ற இலவச மென்பொருளை வைத்து. கூடவே அதே தளத்தில் உள்ள இலவச என்கோடர் தொகுப்பையும் நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் லேம் (எம்பி3 என்கோடர்) எங்கே என்று கேட்டு நிற்கும். பாட்டுகளைத் தேர்ந்து வலது கிளிக், கன்வெர்ட், மூன்று புள்ளி. அவுட்புட் ஃபார்மேட்டில் எம்பி3 லேம், நிலை வி2. சராசரி 190 கேபிபிஎஸ் பக்கம் வரும். இசை அடர்த்தியாக இருந்தால் வி0, அது 245 பக்கம். டெஸ்டினேஷனில் வேறு ஃபோல்டர் கொடு. பிராசஸிங் என்ற பகுதியில் எதையும் சேர்க்காதே. சமன்படுத்தி ஏதாவது அங்கே உட்கார்ந்திருந்தால் அதுவும் பாட்டோடு நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

ஏலாக்குக்கு அதே இடத்தில் ஃபிளாக், நிலை 5. நிலை 8 போட்டாலும் ஒலி ஒன்றுதான். என்கோட் ஆகும் நேரம் கூடும், அளவு துளிதான் குறையும்.

5 மார்ச் 2024, மதியம் 1.10

"எம்4ஏ-வை எம்பி3 ஆக்க என்கோட் செய்யவே வேண்டாம், எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளில் காப்பி என்று கொடுத்தால் தரம் குறையாமல் மாறிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. காப்பி கட்டளை பொதியை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் ஏஏசி ஏஏசியாகவே இருக்கும். எம்பி3 பொதிக்குள் ஏஏசி போகாது, எஃப்எஃப்எம்பெக் பிழை சொல்லி நின்றுவிடும்.

ஆனால் காப்பி கட்டளை அருமையாக உதவும் இடம் ஒன்று உண்டு. ஏஏசி தெரிந்த பிளேயரிலும் சில எம்4ஏ மட்டும் ஓடாது, அல்லது 0:00 என்று காட்டும், அல்லது தேடி நகர்த்த முடியாது. ஸ்ட்ரீமிங்குக்காகத் துண்டு துண்டாக அடுக்கிய எம்4ஏ அது. பாட்டின் சட்டகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை ஒரே இடத்தில் இல்லாமல் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக இருக்கும். சின்ன பிளேயர் ஃபர்ம்வேர்கள் ஒற்றை அட்டவணையை மட்டுமே எதிர்பார்க்கும். அந்த ஃபைலை எம்4ஏ-விலிருந்து எம்4ஏ-வுக்கே காப்பி கட்டளையில் எழுதினால் அட்டவணை ஒழுங்காகிவிடும். ஒலி மாறாது, சில விநாடி வேலை.

6 மார்ச் 2024, இரவு 8.45

ராக்பாக்ஸ். கிளிப் பிளஸுக்கு நன்றாக நிலைபெற்ற பதிப்பு இருக்கிறது. ஏஏசி, ஏலாக், ஓபஸ், வேவ்பேக், மியூஸ்பேக் எல்லாம் ஓடும். சொந்த ஃபர்ம்வேர் அழியாது. இரண்டும் ஒன்றாக இருக்கும். அணைந்த நிலையில் இடது பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி ஆன் செய்தால் பழையது வரும்.

பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய். யுஎஸ்பி மோட் எம்எஸ்சி. ராக்பாக்ஸ் யுடிலிட்டியைக் கம்ப்யூட்டரில் திறந்து, சாதனப் பட்டியலில் கிளிப் பிளஸையே தேர்ந்தெடு. கிளிப், கிளிப் வி2, கிளிப் பிளஸ், கிளிப் ஜிப் நான்கும் அங்கே தனித்தனி, மாற்றிப் போடக் கூடாது. பூட்லோடரை (ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்) செருக அசல் ஃபர்ம்வேர் ஃபைல் ஒன்று வேண்டும் என்று கேட்கும். முடிந்ததும் முறையாக எஜெக்ட் செய்து கேபிளை எடு. பிளேயர் ஃபர்ம்வேர் அப்டேட் என்று காட்டித் தானாக அணையும். அந்த நேரத்தில் எந்தப் பொத்தானையும் தொடாதே.

பிறகு உள்ளே ஜெனரல் செட்டிங்ஸ், டேட்டாபேஸ், இனிஷியலைஸ் நவ். கார்டு பெரியது என்றால் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எச்இ-ஏஏசியிடம் மட்டும் எச்சரிக்கை. அதை விரிக்கச் செயலிக்கு வேலை அதிகம், சிறிய பிளேயர்களில் திக்கலாம். மங்கீஸ் ஆடியோ என்ற இழப்பில்லாத வடிவத்தின் உச்ச நிலைச் சுருக்கமும் அப்படித்தான். மங்கீஸ் ஃபைலை முன்கூட்டியே ஃபிளாக் ஆக்கிவிடுவது நல்லது.

7 மார்ச் 2024, காலை 6.30

எச்இ-ஏஏசி பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். திக்காமல் ஓடி, ஆனால் கம்பளிக்குள் இருந்து வருவது மாதிரி மங்கலாகக் கேட்டால், பிளேயருக்கு ஏஏசியின் அடிப்பகுதி மட்டும் தெரிகிறது என்று பொருள். எச்இ-ஏஏசியில் கீழ் அலைவரிசைகள் பாதி சாம்பிளிங் ரேட்டில், பெரும்பாலும் 22.05 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருக்கும். மேல் பாதியைத் திரும்பக் கட்டுவதற்கான குறிப்புகள் தனியாகக் கூடவே வரும். அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாத பிளேயரில் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இருக்காது. இரண்டாம் பதிப்பு எச்இ-ஏஏசி என்றால் ஸ்டீரியோவும் குறிப்பாகத்தான் வரும், ஆகவே மோனோவாகவும் கேட்கும். ஹெட்ஃபோனைச் சந்தேகிப்பதற்கு முன் மீடியாஇன்ஃபோவைப் பார்.

7 மார்ச் 2024, இரவு 10.00

4 நிமிடம் 12 நிமிடமாகும் கதை.

மாறும் பிட்ரேட் எம்பி3-யில் முதல் சட்டகத்தில் ஜிங் ஹெட்டர் என்ற குறிப்பு இருக்க வேண்டும். மொத்தம் எத்தனை சட்டகம், எந்த நேரம் ஃபைலின் எந்த இடத்தில் என்று அதில் எழுதியிருக்கும். அது இல்லாவிட்டால் பிளேயர் முதல் சட்டகத்தின் பிட்ரேட்டை எடுத்து ஃபைல் அளவை வகுத்துவிடும். பாட்டு நிசப்தத்தில் தொடங்கினால் முதல் சட்டகம் 64 கேபிபிஎஸ் இருக்கலாம். நிஜச் சராசரி 190 என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உன் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஃபூபார்2000-ல் வலது கிளிக், யுடிலிட்டீஸ், ஃபிக்ஸ் விபிஆர் எம்பி3 ஹெட்டர். மறு என்கோடிங் கிடையாது, ஒலிக்குச் சேதம் இல்லை. இரண்டு எம்பி3-யை நடுவில் ஒட்டிச் சேர்த்த ஃபைல்களுக்கும் இந்தக் கோளாறு வரும்: முதல் பாட்டின் ஹெட்டர் மட்டும் நம்பப்படும், நேரம் குறைவாகக் காட்டும். அதற்கு அதே பட்டியலில் உள்ள ரீபில்ட் எம்பி3 ஸ்ட்ரீம்.

9 மார்ச் 2024, மாலை 5.40

தமிழ்ப் பெயர். இதில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிரித்துவிடலாம்.

கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் டேக்கிலேயே (பாட்டின் பெயர், பாடகர் விவரம் ஃபைலுக்குள் எழுதியிருக்கும் இடம்) கேள்விக்குறிதான் இருக்கிறது. பழைய மென்பொருள் லத்தீன் குறியீட்டில் எழுதியிருக்கும், அதில் தமிழுக்கு இடமில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடும். கம்ப்யூட்டரில் எம்பி3டேக் என்ற டேக் திருத்தும் மென்பொருளில் திறந்து பார். அங்கேயும் கேள்விக்குறி என்றால் மீட்க வழியில்லை, மறுபடி தட்டச்ச வேண்டும்.

கட்டம் கட்டமாக வந்தால் டேக் சரி, எழுத்துருவில் தமிழ் இல்லை.

தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி அல்லது டேப் குறியீடு. பழைய தமிழ் எம்பி3 சிடிகளில் இருந்து எடுத்தவற்றில் பார்க்கலாம். இதை மீட்கலாம்: எம்பி3டேக்கில் இருந்து பெயரைக் காப்பி செய்து ஏதாவது ஒரு தமிழ்க் குறியீட்டு மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுத்து ஒட்டு.

கொம்பு மட்டும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பிளேயரில் எழுத்துரு இருக்கிறது, தமிழை அடுக்கும் வசதி இல்லை. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில்தான் சேமிக்கப்படும். திரையில் முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காத பிளேயரில் டேக்கைத் திருத்திப் பயனில்லை.

எம்பி3டேக்கில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், டேக்ஸ், எம்பெக். எழுதும் முறையில் ஐடி3 (எம்பி3-யின் டேக் முறை) பதிப்பு 2.3, யுடிஎஃப்-16 வை. 2.4 பதிப்பில்தான் யுடிஎஃப்-8 வந்தது. அதைப் படிக்காத பழைய பிளேயர்கள் நிறைய. பிறகு எல்லாப் பாட்டையும் தேர்ந்து ஒருமுறை சேவ் செய்தால் புது முறையில் மறுபடி எழுதிவிடும். ஏப் டேக் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிடு.

10 மார்ச் 2024, காலை 9.15

தமிழ் ஃபைல் பெயரில் இன்னொரு கண்ணி: நீளம்.

யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். நாம் ஒரே எழுத்தாகப் பார்க்கும் 'ஸ்ரீ' நான்கு குறியீடு, 12 பைட். ராக்பாக்ஸில் ஃபோல்டரும் பெயரும் சேர்ந்த முழுப் பாதைக்கு எல்லை 260 பைட். முழுதும் தமிழ் என்றால் 86 குறியீட்டோடு முடிந்தது. பாடகர், ராகம், தாளம், இயற்றியவர் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் கச்சேரிப் பதிவு சேர்ப்பவர்களிடம் உண்டு. அந்த ஃபைல்கள்தான் முதலில் மாட்டும். பெயரைச் சுருக்கி வைத்து, விவரத்தை டேக்கில் எழுதுவதே பிளேயருக்கு நல்லது.

10 மார்ச் 2024, இரவு 7.50

பிளேலிஸ்ட் பற்றிக் கேட்டவருக்கு: பாட்டு தனியாக ஓடுகிறது, பிளேலிஸ்டில் இருந்து ஓடவில்லை என்றால் மூன்றைப் பாருங்கள். பாதை சி டிரைவிலிருந்து தொடங்குகிறதா? தொடங்கினால் பிளேயரில் அப்படி ஒரு இடமே இல்லை. பட்டியல் யுடிஎஃப்-8-ல் சேமித்ததா? கடைசியாக, மேக்கில் உருவாக்கியதா? மேக்கில் எழுதிய பட்டியலில் 'ொ' என்ற குறி ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரிந்திருக்கக்கூடும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். பைட் பைட்டாக ஒப்பிடும் பிளேயருக்கு அது வேறு பெயர். 'கொ', 'கோ', 'கௌ' வரிசை வரும் பாட்டுகள் மட்டும் விட்டுப்போனால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

மேக்கிலிருந்து ஏற்றுபவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பதிவு, அதில் ஒன்று ஓடாது, அளவு 4 கேபி என்றால் அவை புள்ளி-கீழ்க்கோட்டில் தொடங்கும் துணை ஃபைல்கள். டெர்மினலில் டாட்-கிளீன் கட்டளையைக் கார்டின் மேல் ஓட்டினால் போய்விடும்.

14 மார்ச் 2024, இரவு 9.20

மீடியாஇன்ஃபோவே ஒன்றும் சொல்லாமல் வெறுமையாக விட்ட ஃபைலை ஒருவர் வைத்திருக்கிறார். எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் காட்டியில் திறந்து முதல் நான்கு பைட்டைப் படியுங்கள்.

49 44 33: ஐடி3 டேக், பின்னால் பெரும்பாலும் எம்பி3 வரும்.
66 4சி 61 43: ஃபிளாக்.
4எஃப் 67 67 53: ஓக். 28-வது இடத்தில் ஓபஸ்ஹெட் என்று வந்தால் ஓபஸ், 01-க்குப் பின் வோர்பிஸ் என்று வந்தால் வோர்பிஸ்.
52 49 46 46: வேவ்.
30 26 பி2 75: டபிள்யூஎம்ஏ.
1ஏ 45 டிஎஃப் ஏ3: வெப்எம்.
முதல் நான்கை விட்டு அடுத்த நான்கு 66 74 79 70 என்றால் எம்4ஏ குடும்பம்.

எல்லாம் 00 என்றால் உள்ளே பாட்டே இல்லை. காப்பி பாதியில் அறுந்தது, அல்லது கார்டு.

ஃபிளாக் என்று பெயர் இருந்து, தொடக்கம் 49 44 33 என்றால் யாரோ ஃபிளாக்குக்கு எம்பி3-யின் டேக்கை ஒட்டியிருக்கிறார்கள். பல பிளேயர்கள் முதல் நான்கு பைட்டிலேயே ஏமாந்து நின்றுவிடும். எம்பி3டேக்கில் அந்த டேக்கை நீக்கிவிட்டு, ஃபிளாக்குக்கு உரிய வோர்பிஸ் கமெண்டில் விவரத்தை எழுதுங்கள்.

வேவில் ஒரு நுணுக்கம்: 24 பிட், 32 பிட் ஃப்ளோட் வேவ் சின்ன பிளேயரில் ஓடாது, அல்லது வெறும் இரைச்சலாக வரும். 16 பிட் 44.1-க்கு மாற்றும்போது டிதர் (பிட் குறைப்பதால் வரும் பிழையை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு மாற்றுங்கள். வேவுக்கு நிமிடத்துக்கு 10 எம்பிக்கு மேல் போகும், டேக்குக்கு ஒழுங்கான இடமும் இல்லை. பிளேயருக்கு ஃபிளாக்தான் என் பரிந்துரை.

15 மார்ச் 2024, காலை 7.00

மேலே "அல்லது கார்டு" என்று விட்டதை முடித்துவிடுகிறேன். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் கார்டுகள் நிறையப் புழங்குகின்றன. 64 என்று எழுதியிருக்கும், உள்ளே 8 தான். முதலில் ஏற்றியவை நன்றாக ஓடும். பிறகு ஏற்றியவை பாதியில் நிற்கும், வேறு பாட்டாக மாறும், அல்லது தாவும். ஏற்றிய உடனே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அது கம்ப்யூட்டரின் நினைவிலிருந்து ஓடுகிறது. வடிவம் எல்லாம் சரியாக இருந்தும் பின்னால் ஏற்றியவை மட்டும் தகராறு செய்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். லினக்ஸ், மேக் என்றால் எஃப்3. கார்டு முழுக்க எழுதி மறுபடி படித்துச் சரிபார்க்கும், 64 ஜிபிக்குப் பல மணி நேரம்கூட ஆகலாம். புதுக் கார்டு வாங்கிய அன்றே ஓட்டிவிடுவது நல்லது. கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்ல அன்றைக்குத்தான் முடியும்.

18 மார்ச் 2024, இரவு 8.30 (கேட்டவர்)

ராக்பாக்ஸ் போட்டாயிற்று, ஏஏசி எல்லாம் ஓடுகிறது. நேரமும் சரியாகிவிட்டது அண்ணா. ஆனால் பழைய ஃபர்ம்வேரில் திறந்தால் "ரெஃப்ரெஷிங் யுவர் மீடியா" என்றே நின்றுவிடுகிறது.

18 மார்ச் 2024, இரவு 9.10

ஏதோ ஒரு ஃபைலின் டேக்கைப் படிக்கும்போது சிக்கிக்கொள்கிறது. பவர் பொத்தானை 20 விநாடி வரை விடாமல் அமுக்கினால் அணைந்துவிடும். கார்டை எடுத்துவிட்டு ஆன் செய். நிற்காமல் போனால் கோளாறு கார்டில். ஃபைல்களில் பாதியைக் கம்ப்யூட்டருக்கு நகர்த்திப் பார், சிக்கினால் மிச்சத்தில் பாதி, இல்லாவிட்டால் எடுத்ததில் பாதி. 1000 பாட்டு இருந்தாலும் பத்து முறைக்குள் அந்த ஒரு ஃபைல் அகப்பட்டுவிடும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது டேக்குக்குள் இருக்கும் பெரிய அட்டைப்படம். 3000-க்கு 3000 பிக்சல் படம் பல எம்பி வரும். அதை எடுத்துவிடு, அல்லது 500-க்கு 500 ஆக்கு. ஜேபெக்கைச் சேமிக்கும்போது பேஸ்லைன் என்று தேர்வு செய், புரோகிரசிவ் வேண்டாம். கிளிப் பிளஸின் திரையில் படம் தெரியாது என்றாலும் இதை இப்போதே பழகிக்கொள். ராக்பாக்ஸ் ஓடும் வண்ணத்திரைப் பிளேயர்களில் புரோகிரசிவ் ஜேபெக் அட்டைப்படம் தெரியாமல் போகலாம்.

சில எம்பி3 தொடங்கும்போது 'கீச்' என்று ஒரு ஒலி வந்தால் அதற்கும் படம் காரணமாக இருக்கலாம். டேக்கின் நீளத்தைச் சரியாகத் தாண்டத் தெரியாத பிளேயர், படத்தின் பைட்டுகளை எம்பி3 சட்டகம் என்று எடுத்து ஓட்டிவிடுகிறது.

23 மார்ச் 2024, மாலை 6.15

காரில் யுஎஸ்பி போட்டால் பாட்டு வரிசை கலைந்து வருகிறது என்ற கேள்வி இந்தப் பிளேயருக்கு வெளியே இருந்தாலும் வேர் ஒன்றுதான். பல கார் ஸ்டீரியோக்கள் பெயரை வரிசைப்படுத்துவதே இல்லை. ஃபேட்32 அட்டவணையில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அதே வரிசையில் ஓட்டும். பெயருக்கு முன்னால் 01, 02 போட்டும் மாறாததற்குக் காரணம் அதுதான். விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட் கொண்டு அட்டவணையையே வரிசைப்படுத்திவிடுங்கள். பெயரை வரிசைப்படுத்தும் ஸ்டீரியோ என்றால் 1, 10, 2 என்று வரும், அங்கே இரண்டு இலக்கமாக எழுதுவது போதும்.

24 மார்ச் 2024, காலை 8.05

தம்பி, அந்தக் கச்சேரி ஃபிளாக் பற்றிக் கேட்டிருந்தாய்: ராகத்திலிருந்து தானத்துக்குப் போகும் இடத்தில் பழைய ஃபர்ம்வேரில் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது, ராக்பாக்ஸில் விழவில்லை என்று. பழைய ஃபர்ம்வேர் ஒரு ஃபைலை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கிறது, அந்த நேரம்தான் உனக்குக் கேட்கிறது. ராக்பாக்ஸ் அடுத்த ஃபைலை முன்பே நினைவில் ஏற்றி வைத்துக்கொள்கிறது. எம்பி3 என்றால் இன்னொரு சிக்கல் சேரும். ஒரு சட்டகம் 1152 சாம்பிள், 26 மில்லிவிநாடி. பாட்டு எங்கே முடிந்தாலும் கடைசிச் சட்டகம் நிசப்தத்தால் நிரப்பப்படும், முன்னாலும் கொஞ்சம் நிசப்தம் சேரும். எவ்வளவு சேர்த்தோம் என்பதை லேம் முதல் சட்டகத்தில் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படித்து வெட்டும் பிளேயரில் மட்டும் எம்பி3 இடைவெளி இல்லாமல் ஓடும். ஃபிளாக்கில் இந்த நிரப்பல் கிடையாது. பழைய ஃபர்ம்வேரிலேயே கேட்க வேண்டும் என்றால் ராகம், தானம், பல்லவி மூன்றையும் ஃபூபாரில் தேர்ந்து, கன்வெர்ட்டரின் டெஸ்டினேஷனில் 'மெர்ஜ் ஆல் டிராக்ஸ்' கொடுத்து ஒரே ஃபிளாக் ஆக்கிவிடு.